கிருபாபாய் பியூகிள் ஊதினாள்

சித்தூரில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் வளாகத்தில் நான்கு ஐஸ் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மூன்றாவது பெட்டியில் இருந்தவர் ஜெபதாஸ். அவர் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி கிருபாபாய் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மகள் ஸ்வீட்டி அழுது அழுது தொண்டை கட்டிப்போய் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

சங்கத் தலைவர் கிருஷ்ணப்பா மைக் முன்னால் வந்து நின்றார். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு பேரின் பெயரையும் படைப்பிரிவையும் வாசித்தார். அடுத்து லாஸ்ட் போஸ்ட். ராணுவத்தில் இருந்தவரை மண்ணுக்கு அனுப்பும்போது பியூகிளில் ஊதுகிற ராகம். அந்த வட்டாரத்தில் முன்னாள் ராணுவத்தினர் யார் இறந்தாலும் அதை ஊதியவர் ஜெபதாஸ்தான். ராணுவ பேண்டில் பியூகிளராக இருந்தவர், ஓய்வு பெற்று வந்த பிறகும் விடவில்லை. இன்றைக்கு ஊத வேண்டியவரே பெட்டிக்குள் படுத்திருந்தார்.

வேறு வழி தெரியாமல் கிருஷ்ணப்பா தன் செல்போனில் ராகத்தைத் தேடி எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். வந்திருந்த பழைய சிப்பாய்கள் எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். ராகம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ அவருக்குப் போன் செய்தார்கள். பேரன் வைத்துக் கொடுத்திருந்த தெலுங்கு டான்ஸ் பாட்டு ஸ்பீக்கரில் குத்து குத்தென்று குத்தியது. கிருஷ்ணப்பா எதை அழுத்துவது என்று தெரியாமல் போனைக் கீழே போட்டுவிட்டார். கீழே கிடந்தும் அது பாடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

கிருபாபாய் அப்போதுதான் அழுதாள். கணவன் செத்துப்போன செய்தி வந்தபோது வராத அழுகை, அந்தப் பாட்டைக் கேட்டதும் வந்தது.

ஜெபதாஸைச் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது மகளிடம் சொன்னாள்: "அடுத்த வருஷம் நினைவு நாளுக்குப் போன் வேணாம்."

"பின்ன யாரும்மா ஊதுவாங்க? நைனாதான் இல்லியே."

"நான் ஊதறேன்."

துக்கத்தில் அம்மா ஏதோ சொல்கிறாள் என்று ஸ்வீட்டி நினைத்துக்கொண்டாள்.

விபத்து நடந்தது டிசம்பர் பதினாறு, எழுபத்தொன்றில் நடந்த பங்களாதேஷ் போரின் வெற்றி நாள் அன்று. ஆண்டுதோறும் அந்த நாளில் திருப்பதியில் முன்னாள் ராணுவத்தினர் கூடுவது வழக்கம். கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். தொப்பி, மெடல், தேய்த்த சட்டை என்று கல்யாண மாப்பிள்ளைகள் போலக் கிளம்பினார்கள். ஒருவரை ஏற்றிக்கொள்வதற்காக வேன் காட்பாடி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. வழியில் ஆளில்லாத லெவல் கிராசிங். அப்போது அப்படிப்பட்டவை இன்னும் சில மிச்சம் இருந்தன. இரண்டு பக்கமும் ஒரு போர்டு, நடுவே தண்டவாளம், அவ்வளவுதான். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி.

அப்படிப்பட்ட இடத்தில் யாராவது ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விட வேண்டும். நாகபூஷணம் இறங்கினார். பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவர். தண்டவாளம் வரை நடந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார். பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. கையைத் தூக்கி 'வா' என்று அழைத்தார். வேன் ஏறியது. ரயில் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தது என்று வயலில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். வருஷக்கணக்கில் பீரங்கிப் பக்கத்தில் நின்ற நாகபூஷணத்துக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதும் அரைகுறை. டிரைவர் சுனில் தூக்கி எறியப்பட்டு, இடுப்பு முறிந்து பிழைத்தான். உள்ளே இருந்த நான்கு பேரும் அங்கேயே போய்விட்டார்கள்.

"செவிடன் கைகாட்டினான், நாலு பேர் போய்ட்டாங்க" என்று ஊரில் பேசினார்கள். கிருபாபாய் அப்படிப் பேசவில்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளி இருந்த நாகபூஷணத்தின் வீட்டுக்கு அவள் போகவும் இல்லை. அவரும் வெளியே வருவதை விட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ரயில்வே போலீஸில் ஜெபதாஸின் பொருள்களைக் கொடுத்தார்கள். ஒரு பை, தொப்பி, பியூகிள். பியூகிளின் அகன்ற முனை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கிருபாபாய் அதை முந்தானையால் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். கன்னம் வலித்தது, தலை சுற்றியது, சத்தம் வரவில்லை. சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷமாகப் பாடுகிறவள். மூச்சுக்குப் பஞ்சமில்லை. அங்கன்வாடியில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்துகிற தொண்டை. எல்லாம் இருந்தும் அந்தப் பித்தளை வாயைத் திறக்க மாட்டேன் என்றது.

சித்தூருக்குப் போய்க் கிருஷ்ணப்பாவைப் பார்த்தாள்.

"சார், வர்ற டிசம்பர்ல லாஸ்ட் போஸ்ட் நான் ஊதறேன். கத்துக்கப் போறேன்."

அவர் அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா இது ராணுவ முறை. பட்டாளத்துல இருந்த ஆளுதான் ஊதணும். பொம்பளைங்க, அதுவும் வெளி ஆளுங்க, ஊதற வழக்கம் இல்ல."

"செல்போன் எந்தப் பட்டாளத்துல இருந்துச்சு சார்?"

அவள் எழுந்தாள். "நான் கத்துக்கினு வந்து ஊதிக் காட்டறேன். அப்பறம் நீங்க சொல்லுங்க."

கற்றுக் கொடுக்க ஆள் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. சித்தூரில் இரண்டு பேண்டு செட்டுக்காரர்கள் அவளைப் பார்த்ததும் கல்யாண ஆர்டர் என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். திருப்பதியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் ஸ்வீட்டிதான், அம்மா விடமாட்டாள் என்று தெரிந்த பிறகு, வெங்கட்டைக் கண்டுபிடித்தாள். முப்பது வயதுக்காரன். கல்யாண ஊர்வலங்களில் டிரம்பெட் வாசிக்கிறவன். மாப்பிள்ளையின் குதிரைக்கு முன்னால் சினிமாப் பாட்டு ஊதியே வீட்டைக் கட்டியவன்.

"அக்கா, இதுல பட்டனே லேதே!" என்றான் பியூகிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "என் டிரம்பெட்ல மூணு பட்டன் கீது, அதை அமுக்கினா சத்தம் மாறும். இதுல எல்லாம் உதட்டுலதான். கஷ்டம் அக்கா. வேற ஏதாச்சும் கத்துக்கோ."

"எனக்கு இதுதான் வேணும்."

"எதுக்கு?"

சொன்னாள். வெங்கட் பியூகிளைத் துணியால் துடைத்து அவள் கையில் கொடுத்தான். பிறகு, "காசு வேணாம்" என்றான். "சனிக்கெழம வா. முகூர்த்த நாள்ல மட்டும் வராதே."

முதல் பாடத்தில் பியூகிளையே தொடவிடவில்லை. உதட்டை இறுக்கிச் சேர்த்து, ஈ ரீங்காரம் போடுவதுபோல் 'ப்ர்ர்' என்று அதிரவிடச் சொன்னான். காற்றை உள்ளே தள்ளினால் சத்தம் வராது, உதடு அதிர்ந்தால்தான் பித்தளை பேசும் என்றான். பிறகு அவள் வாயைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, தப்பா நினைக்காத. முன்பல்லு ஒண்ணு இல்லியே. ஊதறப்போ பல்லுதான் உதட்டைத் தாங்கும். இப்படியே ஊதினா உதடு உள்ளே போய்டும்."

அந்தப் பல், ஸ்வீட்டி குழந்தையாக இருந்தபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்து உடைந்தது. "ஒரு பல்லு கட்டிக்கோ" என்று ஜெபதாஸ் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். லீவில் வரும்போதெல்லாம் சொல்வார். "இனிமே எனக்கு எதுக்கு அழகு?" என்று அவள் தட்டிக் கழிப்பாள். இப்போது பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது, அவர் கேட்டபோதே செய்திருக்கலாமே என்று கண்ணில் நீர் வழிந்தது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

பல் வந்தது. சத்தமும் வந்தது. முதலில் வந்தது எருமை கத்துகிற மாதிரி இருந்தது. வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டு நாய் கூடவே ஊளையிட்டது. எதிர் வீட்டுக்காரர் பாஸ்டரிடம் போய்ச் சொல்ல, அவர் வந்து ஜெபம் செய்துவிட்டு, "துக்கத்துக்கு ஒரு முடிவு வேணும் சிஸ்டர்" என்றார். "முடிவு டிசம்பர்ல ஐயா" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினாள். மறுநாளிலிருந்து பொழுது விடிகிற நேரத்தில் ஊருக்கு வெளியே ஏரிக்குப் போனாள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் ஏரி வெடித்துக் கிடந்தது. நடுவில் போய் நின்றுகொண்டு ஊதினாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனால், பிள்ளைகள் முஷ்டியை வாயில் வைத்து அவளைப் போலவே ஊதிக் காட்டினார்கள்.

வெங்கட்டுக்கும் லாஸ்ட் போஸ்ட் தெரியாது. போனில் போட்டுக் கேட்டுக் கேட்டு அவன் முதலில் கற்றுக்கொண்டு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். மேலே ஏறுகிற சுரம் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஏறும், உடையும். ஏறும், உடையும். "வதலொத்து அக்கா, விடாதே" என்பான். ஆடி மாதம் கல்யாணமில்லாமல் சும்மா இருந்ததால், வாரத்தில் மூன்று நாள்கூட வரச்சொன்னான்.

அக்டோபரில் ஒரு விடியற்காலை. ஏரியில் ஊதி முடித்துவிட்டுத் திரும்பியவள் கரையில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தாள். லுங்கியும் பனியனும். ஆனால் நின்ற விதம் அப்படியே பட்டாளம்: குதிகால் சேர்த்து, கைகள் தொடையோடு ஒட்டி, முகவாய் நிமிர்ந்து. நாகபூஷணம். பத்து மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

அவள் கிட்டே போகும்வரை அவர் அசையவில்லை. பிறகுதான் கையைத் தளர்த்தினார்.

"கேட்டுச்சாண்ணா?" என்று உரக்கக் கேட்டாள்.

"இந்தக் காதுல கொஞ்சம் கேட்டுச்சு." இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "ரொம்ப வேகமா போறம்மா. பஸ்ஸைப் புடிக்க ஓடற மாதிரி கீது. ஒவ்வொண்ணையும் நிறுத்தி நிறுத்தி விடணும். அவன் அப்படித்தான் விடுவான்."

அவன் என்றால் ஜெபதாஸ். நாகபூஷணம் கரையிலேயே குந்தி உட்கார்ந்தார்.

"நான்தாம்மா கைகாட்டினேன்" என்றார். "ஊரு சொல்றது பொய்யில்ல."

கிருபாபாய்க்கு வாயில் எத்தனையோ வந்தது. பத்து மாதமாகச் சேர்ந்து கிடந்த கோபம் நெஞ்சில் முட்டியது. காது கேட்காத ஆள் ஏன் இறங்க வேண்டும்? வேறு யாராவது இறங்கியிருக்கக் கூடாதா? ஜெபதாஸுக்கு நாய் நடந்தால்கூடக் காது கேட்குமே. அவள் பியூகிளை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆமா, நீங்கதான் காட்டினீங்க" என்றாள் கடைசியில். "எனக்கு உங்கமேல கோவம் கீதுண்ணா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேணும்னு காட்டினீங்கன்னு நான் ஒருநாளும் நினைக்கல. நீங்க வீட்டுக்குள்ள கிடந்து சாவறதால எனக்கு ஆவறது ஒண்ணுமில்ல. நான் இதைச் சரியா ஊதணும். எது வேகம், எது நிதானம்னு பட்டாளத்துல இருந்த ஆளுக்குத்தான் தெரியும். தினமும் வாங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ரவுஸ் கத்துக்கினியா?"

"ரவுசா?" கிருபாபாய் திடுக்கிட்டாள். "நான் எங்கண்ணா ரவுசு பண்ணேன்?"

நாகபூஷணத்தின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. "அது இல்லம்மா. லாஸ்ட் போஸ்ட் ஊதி, ரெண்டு நிமிஷம் அமைதியா நின்னு, அப்பறம் இன்னொண்ணு ஊதணும். அதுக்குப் பேரு ரவுஸ். காலைல பட்டாளத்தை எழுப்பறது. தூங்க வெச்சா மட்டும் போதுமா? எழுப்பணும் இல்ல?"

ஒன்றைக் கற்கவே எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இனி இரண்டே மாதம்தான் இருந்தது. கிருபாபாய் பியூகிளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பாடிக் காட்டுங்கண்ணா" என்றாள். நாகபூஷணம் கட்டைக்குரலில் 'த தா, த தா' என்று பாடினார்.

நவம்பர் கடைசியில் அவள் கிருஷ்ணப்பாவின் வீட்டு வாசலில் நின்று இரண்டையும் ஊதிக் காட்டினாள். தெருவில் போன பைக்குகள் நின்றன. ஊதி முடித்தபின் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பதினாறாம் தேதி காலைல ஏழு மணிக்குக் கிராசிங்ல இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் பதினாறு. அந்த ஆண்டு பனி லேசாகத்தான் இருந்தது. கிராசிங்குக்குப் பக்கத்தில் சப்வேக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வேன் கிடந்த இடத்தில், நான்கு பேரின் படத்தையும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் அங்கே நின்றிருந்தார்கள். ஸ்வீட்டியும் அங்கேதான் இருந்தாள். வெங்கட் ஜரிகை வைத்த பேண்டு செட் கோட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனிடம் இருந்த நல்ல உடுப்பு அதுதான்.

கிருபாபாயும் நாகபூஷணமும் இந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார்கள். தண்டவாளத்துக்கு நாலடி முன்னால் அவர் நின்றுவிட்டார். தொப்பி, மெடல், பூட்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. கால்தான் நகரவில்லை. அந்தப் பக்கமிருந்து யாரோ, "வண்டி எதுவும் இல்ல, வாங்க வாங்க" என்று கத்தினார்கள். கிருபாபாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க பாருங்கண்ணா" என்றாள்.

"என்னை நம்பாதம்மா."

"கண்ணு நல்லாத்தானே கீது? நீங்க பாருங்க. நான் கேக்கறேன்."

அவர் இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். மறுபடி இடதுபக்கம். அவள் கண்ணை மூடிக் காது கொடுத்தாள். வயலில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கோழி. வேறு எதுவும் இல்லை. இருந்தும் அவள் நகரவில்லை. அவர் சொல்லட்டும் என்று நின்றாள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகபூஷணத்தின் கை பாதி எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தது.

"வா" என்றார்.

அவள் தண்டவாளத்தைத் தாண்டினாள். அவர் பின்னாலேயே வந்தார்.

கிருஷ்ணப்பா பெயர்களை வாசித்தார். பிறகு கிருபாபாயைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பியூகிளை உயர்த்தினாள். நாகபூஷணம் அவளுக்கு இடதுபுறம் நின்று, தொடையோரத்தில் ஒரு விரலால் நிதானம் காட்டினார். முதல் சுரம் சுத்தமாக வந்தது. ஏரியில் ஊதியதைவிட மெதுவாக, ஒவ்வொன்றாக விட்டாள். மேலே ஏறுகிற இடம் வந்தது. உடைந்தது. கரகரவென்று ஒரு காற்று மட்டும் போனது. வெங்கட் பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் உதட்டிலிருந்து பியூகிளை எடுக்கவில்லை. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதே சுரத்தை மறுபடி பிடித்தாள். இந்த முறை நின்றது. அங்கிருந்து கடைசிவரை கொண்டுபோய் முடித்தாள்.

அமைதி. ஸ்வீட்டி அழுதாள். கிருபாபாய் அழவில்லை. அழுதால் உதடு நடுங்கும், அடுத்ததை ஊத முடியாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் முடிந்ததும் ரவுஸ் ஊதினாள். அது ஓரிடத்திலும் உடையவில்லை.

முடிந்ததும் கிருஷ்ணப்பா அவளிடம் வந்தார். "இட்லி வரவழைச்சிருக்கோம். சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். எல்லாரும் வயல் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உதடு எரிந்ததால் கிருபாபாய் சட்னியைத் தொடாமல் வெறும் இட்லியைத் தின்றாள்.

பிப்ரவரியில் அவளுக்கு ஒரு போன் வந்தது. கிருஷ்ணப்பாதான்.

"அம்மா, நாயுடுபேட்டைல ஒருத்தர் தவறிட்டாரு. பழைய சிக்னல்ஸ் படை ஆளு. அடக்கம் நாளைக்கு. ஊத ஆளில்ல."

"எத்தனை மணிக்கு சார்?"

"பதினொண்ணு. கார் அனுப்பவா?"

"வேணாம், பஸ்ல வந்துடறேன். நாகபூஷணம் அண்ணனும் வருவாரு."

அங்கன்வாடிக்கு லீவு சொன்னாள். பியூகிளைத் துணியில் சுற்றி ஒயர்கூடையில் வைத்தாள். காளஹஸ்தியில் பஸ் மாறும்போது அதைப் பார்த்த கண்டக்டர், "இது ஏமிட்டம்மா, பூஜை சாமானா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரோடது" என்றாள் கிருபாபாய். "இப்ப நான் ஊதறேன்."

நாயுடுபேட்டையில் இறந்தவரின் மனைவி செங்கம்மா கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாதவள். கிருபாபாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தாள். பிறகு எழுந்து, முற்றத்துக்கு வந்து, பியூகிளைக் கூடையிலிருந்து எடுத்தாள்.